கூடி விளையாட வைப்பது எப்படி? பெற்றோரும் ஆசிரியரும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். சில வருடங்களாக வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கூட்டு விளையாட்டுக்கென்றே ஒதுக்கி நடத்தி வருகிறேன். பெற்றோர் கூட்டத்தில், பயிற்சி வகுப்பில் வந்து உட்காரும் மற்றப் பள்ளி ஆசிரியர்களிடம், தேவகோட்டை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் என்று எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் காதில் விழுகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். முதலிலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் தொட்டுக்கொண்டு போகும்.

கூட்டு விளையாட்டுன்னா என்ன டீச்சர்? கபடி, கோ-கோ எல்லாமே கூட்டாத்தானே விளையாடுறாக?

ஆமாம், அவையும் அணியாக ஆடுவதுதான். கபடியில் ஒரு பக்கம் 7 பேர். அவுட்டாகி வெளியே போனவனை, அணி எதிராளியை அவுட்டாக்கித் திரும்ப உள்ளே கூட்டி வரலாம். கோ-கோவில் உட்கார்ந்திருக்கிறவள் முதுகில் தட்டி ‘கோ’ சொல்லாமல் எழுந்து ஓட முடியாது. இரண்டும் அருமையான விதிகள். ஆனால் பள்ளியில் நடப்பதைப் பாருங்கள். நாற்பது பேர் வகுப்பில் நன்றாக ஓடுகிற பதினான்கு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுவார்கள்.

நான் சொல்லும் கூட்டு விளையாட்டில் எதிரணி கிடையாது. குழுவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கும். எல்லாரும் சேர்ந்து முடிப்பார்கள், இல்லாவிட்டால் எல்லாரும் சேர்ந்து தோற்பார்கள். யாரும் அவுட்டாகி உட்கார வேண்டியதில்லை. முக்கியமானது ஒன்று: எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் தனியாக அதை முடிக்க முடியக் கூடாது. ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது அதை மட்டும்தான்.

ஒரு விளையாட்டைச் சொல்லுங்க, நாளைக்கே நடத்துற மாதிரி.

நான் எப்போதும் தொடங்குவது பேப்பர் கப்பில். ஒரு ரப்பர் பேண்ட் எடுத்து, அதைச் சுற்றி நான்கு இடத்தில் இரண்டடி நீளச் சணல் கட்டுங்கள். நான்கு பேர் ஆளுக்கு ஒரு சணலின் நுனியைப் பிடிக்க வேண்டும். தரையில் 6 கப் கவிழ்ந்திருக்கும். அவற்றை மூன்று, இரண்டு, ஒன்று என்று கோபுரமாக அடுக்க வேண்டும். கப்பிலோ ரப்பர் பேண்டிலோ கை படக்கூடாது.

நால்வரும் வெளிப்பக்கம் இழுத்தால் ரப்பர் விரிந்து, கப் அதற்குள் நுழையும். தளர்த்தினால் சுருங்கிக் கப்பைக் கவ்விக்கொள்ளும். ஒருவர் மட்டும் வலுவாக இழுத்தால் ரப்பர் சாய்ந்து கப் நழுவிவிடும். முதல் ஐந்து நிமிடம் ‘இழுடா, இழுடா’ என்று ஒரே சத்தமாக இருக்கும். பிறகு யாராவது ஒரு பிள்ளை மெதுவாக, ‘விடு... கொஞ்சம் விடு... போதும்’ என்று சொல்லும். அந்த இடத்தில் சத்தம் அடங்கி, நான்கு ஜோடிக் கண்ணும் கயிற்றை விட்டுவிட்டு ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அது எனக்குச் சலிக்கவில்லை.

இதுக்கு எவ்வளவு செலவாகும்? எங்க ஸ்கூல்ல மைதானமும் இல்ல.

கப், சணல், ரப்பர் பேண்ட், பழைய செய்தித்தாள், சாக்பீஸ். இவ்வளவுதான் என் பெட்டியில் இருப்பது. இடத்துக்கு வராந்தா போதும். நம் ஊர்ச் செம்மண் தரை பங்குனி, சித்திரையில் மதியம் கால் வைக்க முடியாத சூடு என்பதால், மைதானம் இருந்தும் பாதி வருடம் நான் வராந்தாவிலும் வேப்பமரத்தடியிலும்தான் நடத்துகிறேன். பக்கத்து ஊர் டியூஷன் ஆசிரியர் ஒருவர், தாம் வாடகைக்கு இருக்கும் பழைய வீட்டின் வளவிலேயே நடத்துகிறார். நாலு பக்கமும் பத்தி, நடுவில் முற்றம். இதைவிட நல்ல விளையாட்டுக் கூடத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு குழுவுல எத்தனை பேர்? யாரை யாரோட சேர்க்கிறது?

நான்கு அல்லது ஐந்து பேர். ஆறைத் தாண்டினால் இரண்டு பேர் வேடிக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். மூன்று என்றால் இருவர் சேர்ந்துகொண்டு ஒருவரை ஒதுக்கிவிடுவார்கள்.

யாரோடு யார் என்பதைப் பிள்ளைகளிடம் விடாதீர்கள், நீங்களும் முடிவு செய்யாதீர்கள். நான் தாயம் ஆடத் தேய்ப்பது போலப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து, வெள்ளையில் எண் எழுதி ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுப்பார்கள்; ஒரே எண் வந்தவர்கள் ஒரு குழு. ‘டீச்சர் வேணும்னே இவனோட போட்டுட்டாக’ என்ற பேச்சுக்கு இடமில்லை. நான்கு வாரம் அதே குழு, பிறகு புதிய குலுக்கல். வாராவாரம் மாற்றினால் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது. வருடம் முழுக்க ஒரே குழு என்றால் அது தனிக் கட்சியாகிவிடும்.

விளையாண்டு முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாப் போயிருது. அப்புறம் என்ன செய்யணும்?

விளையாட்டைச் சீக்கிரம் நிறுத்துங்கள். நாற்பது நிமிட பீரியடில் விளக்கத்துக்கு ஐந்து, ஆட்டத்துக்குப் பதினைந்து, பேச்சுக்குப் பத்து, மறுபடி ஆட்டத்துக்குப் பத்து என்று பிரித்துக்கொள்கிறேன். பேச்சில்லாத கூட்டு விளையாட்டு, பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான். சேர்ந்து வேலை செய்யும் பழக்கம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உருவாகிறது என்பதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். முதல் வருடம் முழுக்க வாரத்துக்கு ஒரு புது விளையாட்டு தேடித் தேடி நடத்தினேன். பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள், ஆனால் வகுப்பில் ப்ராஜெக்ட் கொடுத்தால் பழையபடி சண்டைதான்.

வட்டமாக உட்கார வைத்து மூன்றே கேள்வி கேட்பேன். என்ன நடந்தது? எதனால் அப்படி ஆனது? அடுத்த ஆட்டத்தில் எதை மாற்றப் போகிறோம்? ‘ஒற்றுமையா இருக்கணும் டீச்சர்’ என்று ஒரு பதில் கட்டாயம் வரும். அதை ஏற்க வேண்டாம். ‘ஒற்றுமைன்னா கையால என்ன செய்வ, வாயால என்ன சொல்லுவ?’ என்று திருப்பிக் கேளுங்கள். ‘நான் ஒண்ணு, ரெண்டு சொல்றேன், ரெண்டுல எல்லாரும் இழுக்கணும்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அது பதில். அதை உடனே செய்து பார்க்கத்தான் இரண்டாவது ஆட்டம். இந்தப் பேச்சின்போது ஆசிரியர் வாய் மூடி இருக்க வேண்டும். நமக்கு அதுதான் கஷ்டம்.

பாடத்தோட சேர்த்து நடத்த முடியுமா? போர்ஷன் முடிக்கணுமே.

முடியும். இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெள்ளை, கறுப்பின, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்தபோது அடிதடியாக இருந்தது. எலியட் ஆரன்சன் என்ற உளவியல் பேராசிரியர் அங்கே போய் ஒரு வழி செய்தார். பாடத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். மற்றவனுடைய துண்டு அவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவனைக் கேலி செய்துகொண்டிருந்தால் தேர்வில் தனக்குத்தான் நஷ்டம். ‘ஜிக்சா’ முறை என்று அதற்குப் பெயர்.

நான் வேலு நாச்சியார் பாடத்தை இப்படி நடத்துகிறேன். ஐந்து சீட்டு. இராமநாதபுரத்தில் பிறந்து ஆயுதப் பயிற்சி பெற்றது ஒன்று. 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டது ஒன்று. திண்டுக்கல் பக்கத்து விருப்பாச்சியில் தங்கி ஹைதர் அலியிடம் உதவி பெற்றது ஒன்று. அவர் படையில் இருந்த குயிலியின் கதை ஒன்று. 1780இல் சிவகங்கையை மீட்டு மருது சகோதரர் துணையுடன் ஆண்டது ஒன்று. எல்லாக் குழுவிலும் ஒரே சீட்டு வைத்திருப்பவர்கள் முதலில் தனியாகக் கூடித் தங்கள் பகுதியைப் புரிந்துகொள்வார்கள். பிறகு தங்கள் குழுவுக்குத் திரும்பிச் சொல்லிக் கொடுப்பார்கள். கடைசியில் ஆளுக்குத் தனித் தேர்வு. இரண்டு பீரியட் ஆகும். நான் தனியாக நடத்தினாலும் இரண்டு பீரியட்தான் ஆகிறது.

எம் பேரன் படிப்புல கெட்டி. கூட்டாளிகளோட கயித்தைப் பிடிச்சு இழுக்கிறதுல அவனுக்கு என்ன ஆகப்போகுது?

இதைக் கேட்டவர் கோட்டையூரிலிருந்து வந்த ஓர் ஐயா. அவருக்கு அவர் வீட்டுக் கதையையே நினைவூட்டினேன். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) தனித்தனி மாளிகையிலா கடை வைத்தார்கள்? கிட்டங்கி என்ற ஒரே நீளக் கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். அங்கேயே சமையல், அங்கேயே தூக்கம். வட்டி விகிதத்தைக்கூடக் கூடிப் பேசித்தான் வைத்தார்கள். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்கு மட்டும் கற்றுக்கொண்டு அடுத்தாள், மேலாள் என்று உயரவில்லை. பத்துப் பேர் இருக்கும் கூடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் சேர்த்துத்தான் கற்றான்.

கெட்டிக்காரப் பிள்ளைக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. தனக்குப் புரிந்ததைப் புரியாதவனுக்குச் சொல்லப் பழகுவது. உங்கள் பேரன் எந்த வேலைக்குப் போனாலும் அது தேவைப்படும், ஐயா.

எங்க ஊர் விளையாட்டு எதையாவது இப்படி மாத்திக்கலாமா?

தாராளமாக. என் வகுப்பில் அதிகம் ஓடுவது ஆடுபுலி ஆட்டம்தான். பழைய வீட்டுத் திண்ணையிலும் கோயில் கல்தளத்திலும் அந்தக் கட்டம் கீறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 3 புலி, 15 ஆடு. நான் புலி, பிள்ளைகள் ஆடு. குழுவில் ஐந்து பேர், ஆளுக்கு 3 ஆடு. அவரவர் ஆட்டை அவரவர்தான் வைக்கலாம், நகர்த்தலாம். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், கை வைக்கக் கூடாது. இந்த ஒரு விதியைச் சேர்த்ததும் ஆட்டமே வேறாகிவிடுகிறது.

ஒரு நாள் நடந்தது. பதினோராவது ஆடு இறங்க வேண்டும். புலிக்கு அந்தப் பக்கம் இருந்த காலிப் புள்ளியில் ஓர் ஆடு வந்து நின்றால் இரண்டு ஆடு தப்பிக்கும், ஆனால் வந்து நிற்கிற ஆட்டுக்குப் பின்னால் காலி. புலி அதைத் தாண்டி வெட்டிவிடும். முறை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனுடையது. ‘என் ஆடு ஏற்கனவே ஒண்ணு போச்சு, இதையும் நான் எதுக்குக் கொடுக்கணும்?’ என்று கையை மூடிக்கொண்டான். மற்ற நால்வரும் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். கடைசியில் ஒரு பெண் பிள்ளை, ‘நீ அங்க வையி, அடுத்த முறைல பின்னாடி என் ஆட்டைக் கொண்டுவந்து அடைக்கிறேன். முடியாமப் போனா என் ஆட்டுல ஒண்ணை உனக்குத் தர்றேன்’ என்றாள். அவன் வைத்தான். நான் வெட்டினேன். அவள் சொன்னபடி தன் ஆட்டை அவனுக்குக் கொடுத்தாள். அன்று புலிதான் ஜெயித்தது. அடுத்த வாரம் மூன்று புலியையும் அசைய விடாமல் கட்டினார்கள்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லும் நல்ல விளையாட்டுக்கு வழி கொடுக்கும். நால்வருக்கு ஆளுக்கு ஒரு சாண் சதுரத் தாள் கொடுத்து, நான்கையும் சேர்த்தால் ஒரே பூ வர வேண்டும் என்று சொல்லுங்கள். வரையும்போது அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. விளிம்பில் கோடு எத்தனையாவது அங்குலத்தில் வரும், என்ன நிறம் என்று வாயால் கேட்டுத்தான் வரைய வேண்டும். தாள்களைத் தரையில் சேர்த்து வைக்கும் அந்த நொடிக்காகவே இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் சிக்குக் கோலத்தை ஆளுக்கு ஒரு வளைவாக, பேசாமல் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். அதுவும் இதே வகைதான்.

ஒரு பிள்ளையே எல்லாத்தையும் இழுத்துப் போட்டுச் செய்யுது, மத்ததுக சும்மா நிக்குதுக. என்ன செய்யலாம்?

குன்றக்குடித் தேர் வடம் இழுக்கும் கூட்டத்தைப் பார்த்தாலே தெரியும். வடத்தில் கை வைத்திருப்பவர் எல்லாரும் இழுப்பதில்லை. இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அளந்து 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட ஆளுக்கு இழுக்கும் பலம் குறைந்துகொண்டே வந்தது. 1970களில் வேறு சிலர், கண்ணைக் கட்டி, பின்னால் ஆள் இருப்பதாக நம்ப வைத்துத் தனி ஆளை இழுக்கச் சொன்னார்கள். அப்போதும் அவர் குறைவாகவே இழுத்தார். தன் பங்கு தனியாகத் தெரியும் என்றால் இந்தத் தளர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்றும் பிறகு கண்டார்கள்.

ஆகவே ‘சோம்பேறி’ என்று பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் விளையாட்டைப் பாருங்கள். அவன் இல்லாமலே அது முடிகிறதா? அப்படியென்றால் குறை விளையாட்டில். கப் விளையாட்டில் நான்கு சணல், நான்கு கை. ஒரு கை சும்மா இருந்தால் ரப்பர் விரியாது. ஆடுபுலியில் அவன் ஆட்டை அவன்தான் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் தானே செய்யும் பிள்ளைக்கும் இதே மருந்துதான். அப்படியும் அடங்காவிட்டால், அந்தப் பிள்ளைக்கு ஒரு ஆட்டம் மட்டும் ‘பேசலாம், தொடக் கூடாது’ என்ற வேலையைக் கொடுங்கள். அடுத்த ஆட்டத்தில் ‘தொடலாம், பேசக் கூடாது’. தண்டனை போலச் சொல்லாமல், வேலை போலச் சொல்லுங்கள்.

எதைச் சொன்னாலும் ‘இது சரி வராது’ங்கிற பிள்ளை ஒண்ணு இருக்கு. குழுவே வெறுக்குது.

மறுபடியும் தேர்தான் நினைவுக்கு வருகிறது. முன்னால் ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், சக்கரத்தடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லாவிட்டால் தேர் வீதி முனையில் திரும்பாது. பேச்சு வழக்கில் ‘முட்டுக்கட்டை போடாதே’ என்று திட்டுகிறோம். தேரடியில் அது ரொம்பத் தேர்ந்த வேலை. அந்தப் பிள்ளைக்கு அந்த வேலையையே கொடுங்கள்: ‘நீ மூணு தடவை நிறுத்தலாம். ஒவ்வொரு தடவையும் ஏன் சரி வராதுன்னு சொல்லணும், வேற வழி ஒண்ணும் சொல்லணும்.’ மூன்று தடவைதான் என்று தெரிந்ததும் எதற்கு நிறுத்துவது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். குழுவும் காது கொடுக்கும்.

எம் மக வாயே திறக்க மாட்டா டீச்சர். அவளைக் கட்டாயப்படுத்தாதீக.

கட்டாயப்படுத்த மாட்டேன், அம்மா. ஒரு தடவை செய்து வருந்தியிருக்கிறேன். எட்டுப் பேர் வட்டமாக நின்று குறுக்கும் நெடுக்கும் கை கோர்த்துக்கொண்டு, விடாமல் முடிச்சை அவிழ்க்கும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு மாணவியை ‘நீதான் இன்னைக்குத் தலைவி, நீதான் சொல்லணும்’ என்று நடுவில் நிறுத்தினேன். கூச்சம் போகும் என்று நினைத்தேன். அவள் அழுதாள், இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் தெரிந்துகொண்ட இன்னொரு விஷயம், அந்த முடிச்சு சில சமயம் இரண்டு தனி வளையமாகத்தான் முடியும், ஒரே வட்டமாக வராது. தலைவி என்ன சொல்லியிருந்தாலும் அன்று நடந்திருக்காது.

பேசாத பிள்ளைக்கு, பக்கத்திலிருக்கும் ஒருவரிடம் மட்டும் பேசினால் போதும் என்கிற விளையாட்டாகத் தொடங்குங்கள். மேலே சொன்ன பூக்கல் அதற்கு ஏற்றது. சத்தமே கூடாது என்ற விளையாட்டுகளும் இருக்கின்றன. பேசாமல், சைகையால் மட்டும் பிறந்த தேதி வரிசையில் எல்லாரும் நிற்க வேண்டும். அன்றைக்கு வாயாடிப் பிள்ளைகள் திணறுவார்கள், உங்கள் மகள் முன்னால் வந்து ஆட்களை நகர்த்துவாள். பேச்சு வட்டத்தில் வாயால் சொல்ல விரும்பாதவர்கள் சீட்டில் எழுதித் தரலாம் என்றும் வைத்திருக்கிறேன்.

பரிசு கொடுக்கலாமா? போட்டி இல்லாட்டி பயலுகளுக்குச் சுறுசுறுப்பு வராதே.

1954இல் முசாபர் ஷெரீஃப் என்ற அறிஞர் அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு கோடை முகாமில் 22 பையன்களை வைத்துப் பார்த்தது இதற்குப் பதில் சொல்கிறது. பதினோரு வயதுப் பையன்கள். இரண்டு குழுவாகப் பிரித்து, கயிறு இழுத்தல், பந்தாட்டம் என்று போட்டி வைத்து, ஜெயித்தவர்களுக்குப் பதக்கமும் பேனாக்கத்தியும் என்றார்கள். சில நாளில் ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது, அறைக்குள் புகுந்து சாமான்களைக் கலைத்தது. சேர்ந்து சினிமா பார்க்க வைத்தார்கள், சேர்ந்து சாப்பிட வைத்தார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் நின்றுவிட்டது என்றும், சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்பவில்லை என்றும் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு குழுவும் சேர்ந்து தேடினார்கள், சேர்ந்து லாரியை இழுத்தார்கள். போட்டிக்கு வைத்திருந்த அதே கயிற்றால்தான் இழுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பகை கரைந்தது.

எனவே குழுவுக்குக் குழு பரிசு வேண்டாம். பயல்களுக்குச் சூடு வேண்டும் என்பது உண்மைதான். அதற்குக் கடிகாரத்தை எதிரியாக வையுங்கள். ‘போன வாரம் வகுப்பு மொத்தமும் சேர்ந்து எடுத்தது பதினொரு நிமிஷம், இன்னைக்குப் பத்துல முடியுமா?’ முதலில் முடித்த குழு மற்றக் குழுவுக்கு உதவப் போகலாம். பரிசு ஒன்று கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒரு தட்டு சீயம் வாங்கி வகுப்பு முழுக்கப் பகிர்ந்து கொடுங்கள்.

ஊருக்குள்ள ஒத்துக்காத குடும்பத்துப் பிள்ளைகளை ஒரே குழுவுல போட்டா பிரச்சினை வராதா?

சாதியைச் சொல்கிறீர்கள். நேராகவே பேசுவோம். கையில் கட்டும் கலர் கயிற்றைப் பார்த்து யார் யாரோடு உட்காருவது என்று ஆறாம் வகுப்பிலேயே முடிவாகிவிடும் பள்ளிகள் தமிழ்நாட்டில் உண்டு. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியபின், அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிற்றை அறுத்துவிடலாம். அதற்குப் பிறகு அந்தக் கைகள் சேர்ந்து எதைப் பிடிக்கப் போகின்றன என்பதுதான் நம் வேலை.

பிரச்சினை வரலாம், வந்தும் இருக்கிறது. அதனால்தான் புளியங்கொட்டைக் குலுக்கல். அதை ஒரு நாளும் மீறியதில்லை. யார் வந்து கேட்டாலும் ‘குலுக்கலில் வந்தது’ என்பதைத் தவிர வேறு பேச மாட்டேன். இரண்டாவது, வெறுமனே பக்கத்தில் உட்கார வைப்பதால் ஒன்றும் ஆகாது என்பதை ஷெரீஃப் முகாமில் பார்த்தோம். ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு முடியாத வேலை வேண்டும். ஆரன்சன் வகுப்பில் செய்ததும் அதுதான். மூன்றாவது, பொருள்களைப் பொதுவாக வையுங்கள். ஒரே சணல், ஒரே தண்ணீர்க் குவளை. என் மேசையில் இருக்கும் பானையில் எல்லாரும் மொண்டு குடிக்க வேண்டும். எந்தப் பிள்ளையாவது அதற்குத் தயங்கினால், அதைப் பார்த்தும் பாராதது போல விடாமல் தலைமையாசிரியரிடம் கொண்டுபோங்கள். விளையாட்டால் தீராத விஷயங்களும் இருக்கின்றன. அவமதிப்பு நடந்தால் அதற்கு நிர்வாகமும் சட்டமும்தான் வழி.

ஆம்பளப் பிள்ளை, பொம்பளப் பிள்ளைன்னு கலந்து விடலாமா?

விடலாம். கை கோர்க்க வேண்டிய இடத்தில் துண்டின் இரண்டு நுனியைப் பிடிக்கச் சொல்லுங்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்பில் இது பெற்றோருக்கும் நிம்மதி, பிள்ளைகளுக்கும் நிம்மதி.

சக்கர நாற்காலியில வர்ற பிள்ளை இருக்கு. அதை ஸ்கோர் எழுதச் சொல்றோம், சரிதானே?

வேண்டாம், தயவுசெய்து. ஸ்கோர் எழுதுவது வெளியே உட்கார வைப்பதற்கு இன்னொரு பெயர். அந்தப் பிள்ளை உள்ளே இருக்கும்படி விளையாட்டை மாற்றுங்கள். கப் விளையாட்டைத் தரையிலிருந்து மேசைக்கு மாற்றினால் போதும். ஓட்டம் வேண்டும் என்றால் எல்லாருமே உட்கார்ந்து நகரட்டும். என்ன மாற்றலாம் என்பதை அந்தப் பிள்ளையிடமே முதலில் கேளுங்கள், அதுவும் மற்றவர்கள் இல்லாதபோது. எனக்குத் தோன்றாத மூன்று வழிகளை ஒரு மாணவன் சொன்னான்.

போன்ல நாலு பேரு சேர்ந்து டீமா விளையாடுறானே, அது கூட்டு விளையாட்டு இல்லையா?

கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. யார் முன்னால் போவது, யார் காவல் என்று பேசிப் பிரித்துக்கொள்கிறார்கள்; அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே ஒருவனைப் பிடிக்கவில்லை என்றால் ஒரு பட்டனை அமுக்கி வெளியேறிவிடலாம், வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளலாம். வகுப்பில் நாளைக்கும் அதே முகம்தான். பிடிக்காத முகத்தோடு வேலையை முடிப்பதைப் போன் கற்றுத் தருவதில்லை. விளையாடி முடித்தபின் அந்த மூன்று கேள்வியை அவனிடமும் கேட்டுப் பாருங்கள். நன்றாகப் பேசுவான்.

டீம் டீம்னு சொல்லிக் கொடுத்தீக. இப்ப டீமாச் சேர்ந்து காப்பியடிக்கிறாங்க, ஒருத்தன் கண்ணாடியை உடைச்சா நாலு பேரும் சேர்ந்து மறைக்கிறாங்க.

கேட்டபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. உண்மைதான். விட்டுக்கொடுக்காமல் இருப்பது என்று நாம் சொல்லித் தருவதைப் பிள்ளைகள் காட்டிக்கொடுக்காமல் இருப்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள். குழு நெருக்கமாக ஆக ஆக இது கூடும்.

நான் இரண்டு காரியம் செய்கிறேன். ஒன்று, பேச்சு வட்டத்தில் ‘நம்ம குழு செஞ்ச தப்பு எது?’ என்ற கேள்வியை மாதம் ஒரு தடவை சேர்க்கிறேன். அடுத்தவர் தப்பைச் சொல்லக் கூடாது, தன்னுடையதை மட்டும். சொன்னதற்குத் தண்டனை கிடையாது என்ற வாக்கை நான் காப்பாற்ற வேண்டும். கண்ணாடியை உடைத்தவன் சொன்னால், நால்வரும் சேர்ந்து கண்ணாடிக்குத் தாள் ஒட்டி, தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். மறைப்பதற்குத் துணை நின்றவர்கள் சொல்வதற்கும் துணை போகட்டும். இரண்டு, நான்கு வாரத்தில் குழுவைக் கலைப்பது. அந்தக் கணக்குக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுக்கு மார்க் போடலாமா?

குழுவுக்கு மொத்தமாக மார்க் போடாதீர்கள். செய்தவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒன்று என்றால், செய்தவன் அடுத்த தடவை மனம்விட்டுச் செய்ய மாட்டான். ஜிக்சாவில் சொன்னது போல, சேர்ந்து கற்கட்டும், தேர்வைத் தனித்தனியாக எழுதட்டும். விளையாட்டுக்கு மார்க் கிடையாது. ஒரு நோட்டில் நான் குறித்துக்கொள்வது வேறு. யார் இன்று முதல் தடவையாக அடுத்தவரிடம் ‘நீ எப்படிச் செஞ்ச?’ என்று கேட்டார், யார் தோற்றபின் குழுவைத் திட்டாமல் இருந்தார் என்பது மாதிரி. அதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்துக் காட்டுவேன். மதிப்பெண் பட்டியலைவிட அதைக் கேட்கத்தான் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பிள்ளைகளை விடுங்க. நாங்க டீச்சருகளே ஒரு டீமா இல்லையே, என்ன பண்றது?

புதுவயல் பக்கமிருந்து வந்த ஒரு சார் பயிற்சி வகுப்பில் எழுந்து நின்று இதைக் கேட்டார். யாரும் பதில் பேசவில்லை. எங்கள் பள்ளியிலும் அப்போது டைம்டேபிள் விஷயமாக ஒரு மனஸ்தாபம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வாரமாக இரண்டு பேர் ஒரே மேசையில் சாப்பிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்புக்கு எடுத்துப்போகும் பெட்டியை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாஃப் ரூம் மேசையில் வைத்துத் திறந்தேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே குலுக்கல். பேசாத இருவருக்கும் ஒரே எண் விழுந்தது. கணக்கு சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தமிழ் அம்மா எதிர்ச் சணலைப் பிடித்தார். ஐந்து கப் ஏறியது, ஆறாவது சரிந்து மொத்தமும் உருண்டது. வாசலில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கூடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘சார், நீங்க ரொம்ப இழுக்கிறீக, டீச்சர் பக்கம் கொஞ்சம் விடுங்க’ என்றது ஒரு குரல். கணக்கு சார் நிமிர்ந்து எதிரே பார்த்து, ‘இன்னொரு தடவை பார்ப்போமா டீச்சர்?’ என்றார்.